ஏற்றத்தில் மிதிக்க முடியவில்லையா? கியரைப் பின்னாலிருந்து இறக்குங்கள்

கேள்வி: என் ரோடு சைக்கிளில் முன்னால் 50/34, பின்னால் 11-28, மொத்தம் 22 கியர். ஷிமானோ 105 ஆர்7000, குட்டைக் கூண்டு டிரெய்லியர். சமதளத்தில் குறையே இல்லை. செங்குத்தான ஏற்றம் வந்தால் கடைசி கியரிலும் மிதிக்க முடியாமல் நின்றுவிடுகிறது, மறுநாள் முட்டி வலி. முன்னால் மூன்று செயின்ரிங் போடச் சொல்கிறார் மெக்கானிக். அதுதான் வழியா, இல்லை இன்னும் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடுமா?

பதில்:

மூன்று செயின்ரிங் (பெடலோடு சுற்றும் முன் பல்சக்கரம்) வேண்டாம். பின்னால் இருக்கும் கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, 11-34 ஆக்குங்கள்; சிறியதில் 11 பல், பெரியதில் 34. செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் உங்கள் பின் டிரெய்லியர் அதற்குப் பத்தாது, ஆகவே அதையும் செயினையும் சேர்த்து மாற்ற வேண்டும். பயிற்சி நல்லதுதான், ஆனால் உங்கள் சிக்கல் காலில் இல்லை, பல் கணக்கில் இருக்கிறது. அதை முதலில் கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். கணக்கு புரிந்துவிட்டால் எந்தக் கடையில் யார் எதை விற்கப் பார்த்தாலும் நீங்களே முடிவெடுக்கலாம்.

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால் கிடைப்பதுதான் கியர் விகிதம். உங்கள் ஆகச் சிறிய கியர் 34-ஐ 28-ஆல் வகுத்தது, அதாவது 1.21. பெடல் ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 1.21 சுற்று சுற்றும். 700×28 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.14 மீட்டர். ஆகவே ஒரு மிதிச் சுற்றுக்கு வண்டி 2.59 மீட்டர் முன்னே போகும். ஆங்கிலேயப் பழக்கத்தில் இதையே அங்குலத்தில் சொல்வார்கள். பெடல் நேரடியாக முன்சக்கரத்தில் இருந்த பழைய உயரச் சக்கர சைக்கிள் காலத்தில், அந்தச் சக்கரம் எத்தனை அங்குல விட்டம் என்று கேட்ட வழக்கத்தின் மிச்சம் அது. மீட்டர் கணக்கு கண்ணுக்குத் தெரியும் தூரம் என்பதால் நான் அதையே பிடித்துக்கொள்கிறேன்.

இப்போது 10 சதவீத ஏற்றம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் போனால் 10 மீட்டர் உயரும் சாலை. நீங்களும் சைக்கிளும் தண்ணீர் பாட்டிலும் சேர்த்து 80 கிலோ என்று வையுங்கள். இந்த எடையை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் மேலே கொண்டுபோக ஏறக்குறைய 140 வாட் வேண்டும். இதில் பெரும்பகுதி புவியீர்ப்பை எதிர்த்துப் போவதற்கே செலவாகிறது. டயர் உருளும் தடைக்குச் சில வாட் போகும், அந்த வேகத்தில் காற்று ஒரு பொருட்டே இல்லை. 140 வாட் என்பது ஓரளவு பழகிய ஒருவர் சற்று நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடிய சக்திதான். ஆனால் மணிக்கு 6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 100 மீட்டர். உங்கள் 2.59 மீட்டர் கியரில் அதற்கு நிமிடத்துக்கு 39 சுற்று மிதித்தால் போதும். போதும் என்பதைவிட, அதற்கு மேல் மிதிக்கவே முடியாது என்பதுதான் உண்மை. வேகமாகச் சுற்ற வேண்டுமானால் அதே விகிதத்தில் கூடுதல் சக்தி கொடுக்க வேண்டும், அது உங்களிடம் இல்லை.

நிமிடத்துக்கு 39 சுற்றில் 140 வாட் கொடுப்பதற்கு, 170 மில்லிமீட்டர் கிராங்கில் (பெடலைத் தாங்கும் கை) சுற்று முழுக்கச் சராசரியாக 20 கிலோ எடை அளவுக்கு அழுத்தம் வேண்டும். ஆனால் மிதி உச்சியிலும் அடியிலும் வரும் இடங்களில் கால் பெரிதாக எதுவும் செய்வதில்லை. ஆகவே மிதி முன்பக்கம் இறங்கும் அந்தக் கணத்தில் அழுத்தம் சராசரியைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிறது. முட்டி வளைந்திருக்கும் நிலையில் ஒவ்வொரு மிதிக்கும் இதைத்தான் அது தாங்குகிறது. அதே ஏற்றம், அதே வேகம், அதே 140 வாட், கியர் மட்டும் 34/34 என்றால் நிமிடத்துக்கு 47 சுற்று. 30/34 என்றால் 53. சுற்றுலா சைக்கிளில் வருவதுபோல் 26/36 என்றால் 65. இந்தக் கடைசிக் கியரில் சராசரி அழுத்தம் 12 கிலோவுக்கு இறங்கிவிடும். உச்சியை ஒரே நேரத்தில்தான் அடைவீர்கள், ஆனால் அடைந்த பிறகு முட்டி நிலைமை வேறாக இருக்கும்.

"இலகு கியரில் அதிக தடவை மிதிக்க வேண்டுமே, அதுவும் களைப்புதானே?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம், ஒரு கிலோமீட்டருக்கு 386 சுற்றுக்குப் பதில் 650 சுற்று வரும். அதனால் மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும். ஆனால் மூச்சு சில நிமிடத்தில் அடங்கிவிடும், தொடைத் தசை அப்படி இல்லை. பெரிய அழுத்தத்தில் ஒருமுறை தொடை வெந்துபோனால் அன்றைய மீதிப் பயணம் முழுக்க அது திரும்பாது. முதல் ஏற்றத்தைக் கனமான கியரில் மல்லுக்கட்டி ஏறியவர் மூன்றாவது ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று. சமதளத்தில் கியர் கனமாக இருந்தால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். ஏற்றத்தில் அந்த வழி இல்லை. வேகம் குறைந்தால் சுற்றும் குறைகிறது, மிதி மேலே நிற்கும் இடத்தைத் தாண்டும் உந்தம் போய்விடுகிறது, ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் வண்டி நின்றேவிடுகிறது. "கடைசி கியரிலும் நின்றுவிடுகிறது" என்று நீங்கள் எழுதியிருப்பது இதைத்தான்.

சிறிய கியர் பலவீனருக்கானது என்ற எண்ணம் நெடுநாளாக இருக்கிறது. டூர் தெ பிரான்ஸ் 1903-ல் தொடங்கியது, ஆனால் டிரெய்லியருக்கு அங்கே அனுமதி கிடைத்தது 1937-ல்தான். அதுவரை வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, மறுபக்கம் பெரிய பல் இருக்கும்படி திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். போட்டியை உருவாக்கிய ஆன்றி தெக்ராஞ்ச் கியர் மாற்றுவதை வெளிப்படையாகவே எதிர்த்தவர். அதே நாட்டில் வெலோசியோ என்ற பெயரில் எழுதிய போல் த விவி, கனமான ஒற்றைக் கியரை விட்டுப் பல கியர்களுக்கு மாறச் சொல்லிப் பல்லாண்டுகள் வாதாடினார். இன்றைக்கு மலைக் கட்டங்களில் தொழில்முறை வீரர்களே பின்னால் 30, 32, 34 பல் வைத்து ஏறுகிறார்கள். நம்மைப்போல் இரண்டு மடங்கு சக்தி உள்ளவர்கள் அதை வைத்துக்கொள்ளும்போது நாம் வைத்துக்கொள்வதில் என்ன தயக்கம்? கடையில் நிற்கும் பெரும்பாலான ரோடு சைக்கிள்களின் பல் கணக்கு பந்தய வீரர்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. வாங்குபவர்களில் பெரும்பாலோர் பந்தயம் ஓடுபவர்கள் இல்லை. உங்கள் சைக்கிளில் குறை சொல்ல வேண்டியது அதைத்தான், உங்களை அல்ல.

சரி, எவ்வளவு தூரம் இறக்கலாம்? கீழ் எல்லையைத் தீர்மானிப்பது சமநிலை. மணிக்கு 5 கிலோமீட்டருக்குக் கீழே போனால் பலருக்கு வண்டி நெளியத் தொடங்கும், மிகச் செங்குத்தான இடத்தில் முன்சக்கரமும் லேசாகிவிடும். நிமிடத்துக்கு 60 சுற்று, மணிக்கு 5 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 1.3 மீட்டர் சொச்சம் வரும். உங்கள் அளவு டயரில் அது 0.63 விகிதம், அதாவது முன்னால் 22, பின்னால் 34 அல்லது 36. அதற்குக் கீழே போய்ப் பயன் இல்லை, நடப்பதே மேல். பாரம் இல்லாத ரோடு சைக்கிளுக்கு 0.9-லிருந்து 1 வரை இருந்தால் பெரும்பாலான ஏற்றங்களைச் சமாளிக்கலாம். பை கட்டிப் பல நாள் பயணம் போகிறவர்களுக்கு 0.75 அல்லது அதற்கும் கீழே இருக்கட்டும் என்பது என் கருத்து. இரண்டு அளவுகளுக்கு நடுவில் தயங்கினால் சிறியதையே எடுங்கள். கூடுதலாக ஒரு இலகு கியர் சும்மா கிடந்தால் நஷ்டம் எதுவும் இல்லை.

இனி வேலைக்கு வருவோம். ஏன் பின்னால் தொடங்கச் சொல்கிறேன்? கேசட் தேயும் பொருள், எப்படியும் ஒருநாள் மாற்றத்தான் போகிறீர்கள். மாற்றுவதும் எளிது. 28-லிருந்து 34-க்குப் போனால் கடைசி கியர் 18 சதவீதம் இலகுவாகிறது. அதே 18 சதவீதத்தை முன்னால் பெற 34-ஐ 28 ஆக்க வேண்டும், உங்கள் கிராங்கில் அதற்கு இடமே இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

தடையாக வருவது டிரெய்லியர். ஒவ்வொரு பின் டிரெய்லியருக்கும் இரண்டு எண்கள் உண்டு, இவை தனித்தனி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒன்று, அது ஏறக்கூடிய ஆகப் பெரிய பல். இன்னொன்று, அது சுருட்டி வைத்துக்கொள்ளக்கூடிய செயின் நீளம், இதைக் கொள்ளளவு என்பார்கள். கூண்டு என்பது டிரெய்லியரில் செயினை இழுத்துப் பிடித்துத் தொங்கும் பகுதி. உங்கள் குட்டைக் கூண்டு 105-க்கு பெரிய பல் எல்லை 30, கொள்ளளவு 35. நீளக் கூண்டு 105-க்கு 34, 39. கொள்ளளவைக் கணக்கிட முன்பக்க வித்தியாசத்தையும் பின்பக்க வித்தியாசத்தையும் கூட்டுங்கள். உங்களிடம் இப்போது இருப்பது 50-34 = 16, 28-11 = 17, மொத்தம் 33. குட்டைக் கூண்டுக்குள் அடங்குகிறது. 11-34 போட்டால் 16 + 23 = 39. நீளக் கூண்டின் எல்லைக்குச் சரியாக வந்து நிற்கும்.

இந்த இரண்டு எல்லைகளையும் மீறினால் என்ன ஆகும் என்பது ஒரே மாதிரி இல்லை. கொள்ளளவை மீறினால், சிறிய செயின்ரிங்கும் சிறிய பின் பல்லும் சேரும்போது செயின் தொளதொளவென்று தொங்கும். அந்தச் சேர்க்கையை யாரும் பயன்படுத்தத் தேவையில்லை, தவிர்த்துவிட்டால் முடிந்தது. ஆனால் அந்தத் தொங்கலுக்குப் பயந்து செயினை வெட்டிக் குறைத்தீர்களானால் ஆபத்து எதிர்ப்பக்கத்தில் வருகிறது. பெரிய செயின்ரிங்கிலிருந்து என்றாவது மறந்துபோய்ப் பெரிய பின் பல்லுக்கு ஏற்றினால் செயின் எட்டாது. மிதியின் வேகத்தில் டிரெய்லியர் முறுக்கிக்கொண்டு, அதை ஃப்ரேமில் பிடித்திருக்கும் ஹேங்கரோடு பிய்ந்து ஸ்போக்கில் போய் விழும். ஆகவே தொங்கினால் தொங்கட்டும், இழுபடக் கூடாது.

செயின் நீளத்தைப் பார்க்கும் முறை இது. புதுச் செயினை டிரெய்லியர் வழியாக விடாமல், முன்னால் பெரிய செயின்ரிங், பின்னால் பெரிய பல் இரண்டையும் சுற்றி நேராக இழுத்துப் பிடியுங்கள். இரண்டு முனைகளும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒரு அகலக் கண்ணி, ஒரு குறுகல் கண்ணி, ஆக இரண்டு கூடுதலாக விட்டு வெட்டுங்கள். 28-லிருந்து 34-க்குப் போகும்போது பழைய செயின் மூன்று கண்ணி அளவுக்குக் குறையும், கண்ணிகளை ஜோடியாகத்தான் சேர்க்க முடியும். பழையதில் துண்டு ஒட்டுவதைவிடப் புதுச் செயினே நல்லது. தேய்ந்த செயின் புதுக் கேசட்டின் பல்லைத் தின்றுவிடும்.

பெரிய பல் எல்லையை மீறுவதில் கொஞ்சம் இடம் உண்டு. நிறுவனங்கள் எண்ணைப் பத்திரமாகவே போடுகின்றன, ஹேங்கரின் நீளமும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். 30 என்று போட்டிருக்கும் டிரெய்லியர் பல சைக்கிள்களில் 32-ஐ எடுத்துக்கொள்ளும். டிரெய்லியரின் பின்னால் ஹேங்கரை முட்டி நிற்கும் ஒரு சிறிய ஸ்க்ரூ இருக்கும், பி-ஸ்க்ரூ என்பார்கள். அதை உள்ளே திருகினால் டிரெய்லியர் பின்னோக்கிச் சாய்ந்து, கூண்டின் மேலே செயினை வழிநடத்தும் ஜாக்கி சக்கரம் பெரிய பல்லை விட்டு விலகும். சிறிய செயின்ரிங், பெரிய பின் பல்லில் போட்டு, பெடலைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றுங்கள். கரகரவென்று உரசும் சத்தம் கேட்டால் இன்னும் திருக வேண்டும். சத்தம் நின்று ஜாக்கி பல்லுக்கும் கேசட் பல்லுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி தெரிந்தால் போதும். இடைவெளியை அளவுக்கு மீறிக் கூட்டினால் சிறிய பற்களில் கியர் விழுவது மந்தமாகும். ஸ்க்ரூ முழுக்கத் திருகியும் உரசினால் அந்தப் பல் உங்கள் டிரெய்லியருக்கு இல்லை என்று பொருள். ஹேங்கரைக் கீழே நீட்டித்தரும் சிறு துண்டு ஒன்று கிடைக்கிறது, வுல்ஃப் டூத் ரோட்லிங்க் போல. வேலை செய்யும், ஆனால் மாற்றம் பழையபடி பளிச்சென்று இருக்காது, கூண்டின் கொள்ளளவும் கூடாது. நீளக் கூண்டு டிரெய்லியர் கிடைக்கும்போது அதையே வாங்குங்கள். உங்கள் ஷிஃப்டர் (கியர் மாற்றும் லீவர்), கேபிள், பிரேக் எதையும் தொட வேண்டாம்.

கேசட்டைக் கழற்ற இரண்டு கருவிகள் தேவை: கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்குக்கான சாவி, செயின் துண்டு பொருத்திய பிடி. பிடியின் செயினை நடுப்பல் ஒன்றில் வலஞ்சுழியாகச் சுற்றி இடது கையில் பிடியுங்கள். சாவியை லாக்ரிங்கின் பள்ளங்களில் முழுக்க அமர்த்தி ஸ்பேனரால் இடஞ்சுழியாகத் திருப்புங்கள். லாக்ரிங்கின் உள்பக்கம் வரிவரியாக இருப்பதால் விடுபடும்போது 'கடகட'வென்று ஒரு சத்தம் வரும். உடைந்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அது அப்படித்தான். ஹப்பின் (சக்கரத்தின் நடுப்பகுதி) மேல் உள்ள வரிப்பள்ளங்களில் ஒன்று மட்டும் அகலம் வேறாக இருக்கும், பற்கள் ஒரே ஒரு நிலையில்தான் நுழையும். உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஒன்று: ஷிமானோவின் 11 வேக (பின்னால் 11 பல்சக்கரம் உள்ள) 11-34 கேசட்டான எச்ஜி700, எச்ஜி800 இரண்டும் 10 வேக ஹப்பின் அகலத்துக்குச் செய்தவை. உங்கள் 11 வேக ரோடு ஹப்பில் அதற்கு உள்ளே 1.85 மில்லிமீட்டர் வளையம் ஒன்று போட்டாக வேண்டும். அதை விட்டுவிட்டால் லாக்ரிங் இறுகிய பிறகும் பற்கள் ஆடும். லாக்ரிங்கின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர், நன்றாகவே பலம் கொடுத்து இறுக்க வேண்டிய அளவு.

முன்பக்கத்தில் ஏன் இடமில்லை என்று சொன்னேன்? செயின்ரிங்கைக் கிராங்கோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஒரு வட்டத்தில் இருக்கின்றன. அந்த வட்டத்தைவிடச் சிறிய செயின்ரிங் செய்ய முடியாது, பல்லும் போல்ட்டும் மோதும். உங்களுடையதுபோன்ற 110 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 34 பல்தான் வழக்கமான கீழ் எல்லை. பழைய 53/39 கிராங்குகளின் 130 மில்லிமீட்டர் வட்டத்துக்கு 38. அதனால்தான் 39 வைத்திருப்பவர்கள் "34 மட்டும் வாங்கி மாட்டலாமா" என்று கேட்டால் முழுக் கிராங்கையும் மாற்றச் சொல்கிறோம். உங்களுக்கு முன்னால் இறக்க வேண்டுமானால் 46/30 கிராங்க் வேண்டும். ஷிமானோவின் ஜிஆர்எக்ஸ் வரிசையில் 11 வேகத்துக்கு அது இருக்கிறது. அதன் செயின்ரிங்குகள் ரோடு கிராங்கைவிட 2.5 மில்லிமீட்டர் வெளியே தள்ளி இருப்பதால் அதே வரிசையின் முன் டிரெய்லியரும் கூடவே வாங்க வேண்டும். 46-க்குத் தக்கபடி முன் டிரெய்லியரைக் கீழே இறக்கி, கூண்டின் வெளித்தகடு பெரிய செயின்ரிங் பல்லுக்கு மேல் 1 முதல் 3 மில்லிமீட்டர் இருக்கும்படி வைப்பார்கள்.

மெக்கானிக் சொன்ன மூன்று செயின்ரிங் ஒரு காலத்தில் சரியான பதில்தான். ஆனால் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற, கிராங்க், பாட்டம் பிராக்கெட் (கிராங்க் சுழலும் அச்சு), முன் டிரெய்லியர், இடது ஷிஃப்டர், பின் டிரெய்லியர் எல்லாமே மாற வேண்டும். உங்கள் 11 வேக 105-க்கு மூன்றுக்கான இடது ஷிஃப்டரே இல்லை. ஏற்கெனவே மூன்று உள்ள சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஓர் அருமையான வழி இருக்கிறது. 50/39/30 கிராங்குகளில் உள்ளே இருக்கும் சிறிய செயின்ரிங் பெரும்பாலும் 74 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும், அதில் 24 பல் வரை போகலாம். ஐந்து போல்ட்டைக் கழற்றி 30-க்குப் பதில் 26 அல்லது 24 போட்டால் ஒரே ஒரு செயின்ரிங் விலையில் கடைசி கியர் 13 முதல் 20 சதவீதம் இறங்கிவிடும். நடுவிலிருந்து உள்ளே இறங்கும்போது செயின் ஃப்ரேம் பக்கம் விழ வாய்ப்பு கூடும். சீட் குழாயில் மாட்டும் சிறிய செயின் தடுப்பு ஒன்று போட்டால் அதுவும் நின்றுவிடும். இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் மாற்றம் சைக்கிளில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

வேறு வகை சைக்கிள் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவற்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய 8, 9, 10 வேக ஷிமானோ ரோடு ஷிஃப்டர்களுடன் 9 வேக மவுண்டன் டிரெய்லியர் அப்படியே வேலை செய்யும், டியாக்ரா 4700 மட்டும் விதிவிலக்கு. அதனால் 34 பல்லுக்கு எளிதாகப் போகலாம். 10 வேக மவுண்டன் டிரெய்லியரை வாங்கிவிடாதீர்கள், அதன் கேபிள் இழுப்பு வேறு.

6, 7 வேகச் சாதாரண சைக்கிள்களில் பின்னால் கேசட் இருக்காது, திருகி மாட்டிய ஃப்ரீவீல் இருக்கும். எது என்று சந்தேகமானால் சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்னோக்கிச் சுற்றி, நடுவில் கருவி நுழையும் பள்ளங்களைப் பாருங்கள். பள்ளமும் பற்களோடு சுற்றினால் கேசட். பற்கள் சுற்ற, பள்ளம் அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். 14-28 ஃப்ரீவீலுக்குப் பதிலாக 14-34 கிடைக்கிறது. ஷிமானோவின் மெகாரேஞ்ச் வகையில் 24-க்கு அடுத்தது நேராக 34. தாவல் பெரிதுதான், ஆனால் செங்குத்தில் உங்களுக்கு வேண்டியதும் அந்தத் தாவல்தான். டிரெய்லியர் 34-ஐ ஏற்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ரீவீல் ஒவ்வொரு மிதிக்கும் தன்னைத்தானே இறுக்கிக்கொள்வதால் கழற்றுவது பெரும்பாடு. அதற்கான சாவியைப் பள்ளத்தில் வைத்து, ஆக்சில் நட்டால் லேசாகப் பிடிக்கவைத்து, சாவியை வைஸில் கடிக்கவிட்டு, டயரை இரண்டு கைகளாலும் பிடித்து ஸ்டீயரிங் போல இடப்பக்கம் திருப்புங்கள். கொஞ்சம் விட்டுக்கொடுத்ததும் நட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆக்சில் உடையலாம்.

ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் மூன்று வேக சைக்கிள்களில் வேலை இன்னும் சுலபம், பின்னால் இருக்கும் ஒரே பல்லைப் பெரிதாக்கினால் எல்லாக் கியரும் இறங்கும். ஸ்டர்மி-ஆர்ச்சரின் மூன்று வேகத்தில் நடுக் கியரை 100 என்று வைத்தால் கீழே 75, மேலே 133. 18 பல்லுக்குப் பதில் 22 போட்டால் நடுக் கியர் 82 ஆகும், கிட்டத்தட்ட பழைய கீழ்க் கியர். மேல் கியர் 109 ஆகி, சமதளத்துக்குச் சரியாக அமையும். நீங்கள் இழப்பது பின்காற்றில் மட்டும் பயன்பட்ட பழைய மேல் கியரை. 7, 8 வேக ஹப்புகளுக்கும் இதே வழிதான், ஆனால் ஹப்புக்குள் போகும் முறுக்குவிசைக்கு நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்ச விகிதத்தை மீறக் கூடாது. ஒற்றைக் கியர் சைக்கிளில் 44/18-ஐ 44/22 ஆக்கினால் 2.44 என்பது 2-க்கு இறங்கும். நான்கு பல் கூடினால் ஆக்சில் அரை அங்குலம் முன்னே வர வேண்டும். ஃப்ரேமின் பள்ளத்தில் அந்த இடம் இருந்தால் பழைய செயினே போதும்.

எதை இழப்பீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 11-28-ல் சிறிய பற்கள் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொன்றாக ஏறும். 11-34-ல் 11, 13, 15, 17 என்று தாவும். குழுவாக வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு 14 இல்லாதது உறுத்தும், மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும். 46/30-க்குப் போனால் மேல் வேகமும் குறையும். 50/11-ல் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 52 கிலோமீட்டர், 46/11-ல் 48. அந்த வேகத்தில் இறக்கத்தில் மிதிப்பதைவிடக் குனிந்து உருளவிடுவதே மேல் என்பதால் இதை ஒரு இழப்பாக நான் கருதவில்லை.

முட்டி வலிக்கு ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். சீட் தாழ்வாக இருந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். கியரை மாற்றும் முன்பே அந்த உயரத்தைச் சரிபாருங்கள். கியரும் சீட்டும் சரியான பிறகும் வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள், அதை மிதித்துச் சரிசெய்ய முடியாது.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இதுதான். 11-34 கேசட், 1.85 மில்லிமீட்டர் வளையம், நீளக் கூண்டு 105 டிரெய்லியர், புது 11 வேகச் செயின். மாட்டியதும் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, பெரிய செயின்ரிங்கிலிருந்து பெரிய பின் பல்லுக்குக் கையால் மெதுவாக மிதித்து ஏற்றிப் பாருங்கள். டிரெய்லியரின் கூண்டு முன்னோக்கி நீண்டிருக்கலாம், விறைத்து நேர்கோடாக நிற்கக் கூடாது. பிறகு உங்களை நிறுத்திய அதே ஏற்றத்துக்குப் போங்கள். அடிவாரத்திலேயே, சாலை சமமாக இருக்கும்போதே, சிறிய செயின்ரிங்குக்கு இறங்கிவிடுங்கள். ஏறத் தொடங்கிய பிறகு பாரம் ஏறிய செயினை முன்னால் மாற்றுவது செயினுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. பின்னால் மாற்றும்போதும் ஒரு அரைச் சுற்று அழுத்தத்தைத் தளர்த்துங்கள், கியர் சத்தமில்லாமல் விழும். இவ்வளவும் செய்து இரண்டு மாதம் ஓட்டிய பிறகும் அந்த ஏற்றத்தின் நடுவில் சுற்று 50-க்குக் கீழே போய் முட்டி இழுத்தால், அப்போது 46/30 கிராங்கை வாங்குங்கள். இப்போது வாங்கும் நீளக் கூண்டு டிரெய்லியரும் கேசட்டும் அதற்கும் அப்படியே பொருந்தும்.